இலையுதிர் காலத்து யாத்திரைகள்

மலாயா நாட்டில் வசந்தம் என்றொரு தனிப்பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறிமாறி வருவதே அங்கே வழக்கம் என்று பூகோள நூல்கள் சொல்லும். பால்மரக் காட்டின் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் அதை முழுமையாக ஒப்பமாட்டார்கள். தை மாதம் பிறந்து, மழை ஓய்ந்து, சில வாரங்கள் வறண்ட வெயில் அடித்ததும், அதுவரை வானத்தை மறைத்து நின்ற இலைகள் செம்பு நிறமும் காவி நிறமுமாக மாறி, நிரை நிரையாக உதிர்ந்து, எப்போதும் ஈரமாய் நிழலடித்துக் கிடக்கும் தீம்பாருக்குள் வெயில் தரைவரை இறங்கிவிடும். பிறகு மாசியிலும் பங்குனியிலும் கிளை நுனிகளில் செந்தளிர் அரும்பி, சில வாரங்களுக்குள் பச்சை கட்டி, சிறு மஞ்சட் பூக்களின் மணம் விடியற்காலத்துக் காற்றில் லயம்வரை வந்து சேரும். லாபு வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு இதுவே வசந்தம்.

மரம் தன் சாரத்தையெல்லாம் தளிருக்கு அனுப்பிவிடுகிற அந்த வாரங்களில் மங்கில் விழும் பால் குறையும், நிறுவை குறையும், நிறுவையை நம்பியிருந்த சம்பளமும் குறையும். ஆனால் தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி ஆகிய நான்கு பெருவிழாக்களும் வரிசையாக வந்து விழுவதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ஆயினும் நாலு மங்குப் பாலுக்காக ஒரு நாளை இழக்க அஞ்சிய குடும்பம், பால் குறைந்த நாளில் அந்த ஒரு நாளைத் துணிந்து எடுத்துக்கொண்டது என்பதையும், தோட்டத் தமிழர் தம் விருப்பத்தால் வெளியே புறப்பட்டுப் போன பிரயாணங்களின் சரித்திரம் பெரும்பாலும் இந்த இலையுதிர் காலத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்கையில் எனக்கு மிகுந்த நெகிழ்ச்சி உண்டாகிறது.

லாபு, நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் நடுவே, இருப்புப்பாதையின் ஓரமாக அமைந்த ஊர். அதைச் சூழ்ந்து பல பிரிவுகளாக விரிந்திருந்த லாபு தோட்டமும் கெர்பி தோட்டமும் அவற்றை அடுத்த சிறு தோட்டங்களும் மூன்று தலைமுறைத் தமிழருக்கு உலகமாக இருந்தன. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்தவேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் வழியாக இத்தகைய தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் முளைத்தன. லாபு தோட்டத்தின் முதலாம் பிரிவு, நான்காம் பிரிவு, கெர்பி என்ற பெயர்களைத் தாங்கிய பள்ளிகள் அந்தப் பழைய எல்லைகளை நமக்கு இன்னும் நினைவூட்டுகின்றன.

இம்மக்களின் முதற் பிரயாணம் அவர்கள் தேர்ந்தெடுத்தது அன்று. கங்காணியின் சொல்லை நம்பியோ, பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சியோ ஊரைவிட்டுக் கிளம்பி, நாகப்பட்டினத்து முகாமிலோ ஆவடி முகாமிலோ காத்திருந்து, கப்பலின் அடித்தட்டில் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக் கடல் கடந்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, பின்னர் ரயிலேறி, எந்த நிலையத்தில் இறங்கப் போகிறோம் என்பதைக்கூட அறியாமல் வந்து சேர்ந்தார்கள். பிறை முதல் சிரம்பான் வரையிலான இருப்புப்பாதை 1903இல் இணைந்து முடிந்த பிறகு லாபு போன்ற தோட்டங்களுக்கு ஆட்களைக் கொணர்வது நிர்வாகங்களுக்கு எளிதாயிற்று. ஆள் வந்த வழியாகவே ரப்பர் வெளியே சென்றது. ஆள் மட்டும் அவ்வளவு சுலபமாக வெளியே செல்ல முடியவில்லை.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, அனுமதியின்றித் தோட்டத்தை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அதன் பின்னும் தளை முற்றாக அறுந்துவிடவில்லை. தன் கீழ் உள்ள ஆட்களில் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போனார்களோ அத்தனை தலைக்கும் நாளொன்றுக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குக் கிடைத்துவந்தது. ஆகவே ஒருவன் ஒரு நாள் தங்கையைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால், அவனுடைய சம்பளத்தோடு கங்காணியின் வருமானமும் குறைந்தது. விடியற்காலை இருளில் பெரட்டுக்களத்தில் வரிசை நின்று பெயர் சொல்லும் அந்த ஒழுங்குக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுவே. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்த கூலியும், உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் வெட்டப்பட்டது. இத்தகைய சம்பாத்தியத்தில் ரயில் கட்டணம் எடுத்து வைப்பதென்றால் அது எத்தனை நாள் சிக்கனத்தின் பயன் என்பதை நாம் எண்ணிப்பார்க்கவேண்டும்.

அப்படியிருந்தும் அவர்கள் போனார்கள். உல்லாசத்துக்காக லீவு கேட்டால் கொடுக்காத துரையும் கிராணியும், சாமி காரியம் என்றால் பெரும்பாலும் மறுக்கவில்லை. மறுத்தால் லயம் முழுதும் மனம் குமையும் என்பதை அவர்கள் அறிவார்கள். கோலாலம்பூரில் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த குடும்பத்தைச் சேர்ந்த கே. தம்புசாமிப் பிள்ளை 1891இல் பத்துமலைக் குகையில் வேல் நாட்டி வழிபாட்டைத் தொடங்கிவைக்க, அடுத்த ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டுவருகிறது. மலையடிவாரத்துச் சுண்ணாம்புக் கல்லை ஏற்றிவருவதற்கென்று போடப்பட்ட கிளைப்பாதையிலேயே தைப்பூசத்துக்கு விசேஷ ரயில்கள் ஓடின. லாபு நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி, கோலாலம்பூரில் இறங்கி, வண்டி மாறி, மரப்படிகளில் ஏறி மேற்குகைக்குச் சென்ற நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும், கோலாலம்பூரின் கடைத்தெருவையும் மாடிக் கட்டடங்களையும் மின்விளக்குகளையும் கண்டது அந்த ஒரு நாளில்தான். மரப்படிகள் 1920இல் அமைக்கப்பட்டவை. இன்று நாம் ஏறுகிற 272 சிமெண்டுப் படிகள் 1940இல் கட்டப்பட்டவை. தரிசனத்துக்குப் போனார்களா, தரிசனத்தைச் சாக்காக வைத்து நாடு பார்க்கப் போனார்களா என்று இன்று யாரேனும் கேட்டால், இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை என்றே சொல்வேன். பக்தி உண்மையானது, பக்தியின் நிழலில் கிடைத்த சுதந்திரமும் உண்மையானது.

சைக்கிள் வந்தது அடுத்த மாறுதல். நாலு வெள்ளி சேர்த்துப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்ட இளைஞனுக்கு, நீலாயும் சிரம்பானும் தன் கால் வலிமைக்கு உட்பட்ட ஊர்களாயின. மாலையில் நினைத்தால் மாலையிலேயே புறப்படலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் மூண்ட பெரும் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள், கூலி உயர்வோடும் கள்ளுக்கடை ஒழிப்போடும் சேர்த்து, துரைமார் எதிர்ப்படும்போது சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நீக்கவேண்டும் என்பதும் ஒன்று. அற்பமான கோரிக்கை என்று சிலர் எண்ணக்கூடும். என் மனத்துக்கோ அந்தப் பட்டியலில் மிக உயர்ந்தது அதுவே. வண்டியில் போகிறவன் தன் வழியே போகலாம் என்ற உரிமையை அது கேட்டது.

அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். அதன் பின் நிகழ்ந்த பிரயாணங்களை எழுதக் கை நடுங்குகிறது. சயாம், பர்மா இருப்புப்பாதை வேலைக்கென்று மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சரக்கு ரயில்களில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். திரும்பி வந்தவர்கள் பலர் அதைப் பற்றிப் பேச மறுத்தே வாழ்ந்து முடித்தார்கள். யுத்தம் ஓய்ந்து மூன்றாண்டு கழியுமுன்னே, 1948இல், அவசரகாலப் பிரகடனம் வந்தது. தோட்டத்துக்கு முள்வேலி, இரவில் ஊரடங்கு, கையில் அடையாள அட்டை, சோறு கட்டிக்கொண்டு போனால் சோதனை என்று பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1960 ஜூலையில் அவசரகாலம் நீங்கியபோது, பெரியவர்களாகிவிட்ட பல பிள்ளைகளுக்குத் தோட்டத்து வாசலைத் தாண்டி இரவைக் கழிப்பது எப்படியென்றே தெரியாதிருந்தது.

அந்த வாசல் திறந்தபின் வந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளை லோரி யுகம் என்று அழைக்கலாம். 1954இல் பி.பி. நாராயணன் முதலானோர் முயற்சியால் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகித் தேசியச் சங்கமாயின; 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் கூலியோடு கூடிய பொது விடுமுறையையும் உரிமையாக்கியது. ஓய்வு நாள் இனித் துரையின் தயவு அன்று என்றானதும், திடீர்ப் பிரயாணம் என்ற இன்பம் லயத்துக்குள் நுழைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் யாரோ ஒருவர் பேச்சைத் தொடங்குவார். பால் லோரி ஓட்டுகிறவரோ பக்கத்துக் கம்பத்துச் சீனத் தவுக்கையோ லோரிக்கு இசைவார். "காலைல லோரி போவுது, வர்றவுங்க பேரு குடுங்க" என்று ஒரு சிறுவன் லயம் லயமாக ஓடிச் சொல்லிவருவான். வீட்டுக்கு இத்தனை வெள்ளி என்று அந்த இரவே காசு சேரும். புளிச்சோறு கிளறிய மணம் நடுநிசிவரை லயத்தில் நிற்கும். விடியுமுன் லோரியின் மேல் கித்தான் கட்டி, பலகையைக் குறுக்கே போட்டுக் கிழவிகளை முன்னால் உட்காரவைத்து, பிள்ளைகளை நடுவில் திணித்து, இளைஞர்கள் பின்னால் சங்கிலியைப் பிடித்தபடி நின்றுகொண்டு கிளம்பினால், சடக்கின் ஒவ்வொரு வளைவிலும் எழும் கூச்சல் அடுத்த தோட்டத்தை எழுப்பிவிடும். ஆபத்து நிறைந்த பிரயாணம்தான். வேறு வண்டி அவர்களுக்குக் கிட்டவில்லை.

அந்த லோரிகள் போன இடங்களுள் தலையாயது பகாங் மாநிலத்து மாறான். அங்கே சாலை அமைக்கும் வேலையில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள், வழியில் நின்ற மரம் ஒன்றை வெட்டப் புகுந்தபோது அதிலிருந்து குருதி கசிந்ததாகவும், அவர்கள் அதைத் தொட மறுக்க, வெள்ளைக்கார அதிகாரியும் இணங்கிச் சாலையை விலக்கிப் போட்டதாகவும் செவிவழிச் செய்தி கூறும். அம்மரத்தடியிலே எழுந்ததே மரத்தாண்டவர் ஆலயம், அதன் பெருவிழா பங்குனி உத்திரம். கதையின் தெய்வீகத்தை நம்புகிறவர் நம்புக. கூலிக்கு வேலைசெய்தவர்கள் ஒரு காரியத்தைச் செய்யமாட்டோம் என்று மறுத்து, அம்மறுப்பும் ஏற்கப்பட்டது என்பதை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறதே, அதுவே என்னை ஈர்க்கிறது. சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் மலைப்பாதை ஏறி, குவாலா பிலா, பாகாவ் வழியாகத் தெமர்லோவை அடைந்து, பகாங் ஆற்றைக் கடந்து மாறான் போய்ச் சேருகையில், லாபுவிலிருந்து புறப்பட்ட குடும்பம் தன் மாநிலத்தின் அகலத்தை முழுவதும் கண்டுவிடும். வயல்களையும் மலாய்க் கம்பங்களின் கொம்பு வளைந்த கூரைகளையும் அடர்ந்த வனத்தையும் அவர்கள் கண்டது அந்த வழியில்தான். நூறு ஏக்கர் பால்மரத்துக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தாம் வாழும் நாடு எத்தகையது என்பதை மரத்தாண்டவரே காட்டிக்கொடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

மலாக்காவுக்கு மாசி மகத்துக்குப் போனவர்களும் உண்டு. 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் என்னும் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதிக்கு ஊர்வலம் போகும் அவ்விழாவில், மலாய் மொழி பேசித் தமிழ்த் தெய்வத்தைத் தொழும் மலாக்காச் செட்டிகளைக் கண்டு, நமக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்த உறவினர் இவர்கள் என்று தோட்டத்துப் பெண்கள் வியந்து திரும்பினார்கள்.

சாமியின் பெயர் சொல்லாமலே போகத் துணிந்த முதலிடம் போர்ட்டிக்சன். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும்பொருட்டுச் சிரம்பானையும் அத்துறைமுகத்தையும் இணைத்து 1891இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, இந்நாட்டின் மிகப் பழைய பாதைகளுள் மூன்றாவது. பிற்காலத்தில் அதன் வழியே பயணிகளும் கடலுக்குப் போனார்கள். பின்னர் லோரியும் பஸ்ஸும் போயின. இன்று அந்தப் பாதையில் பயணிகள் வண்டி இல்லை. கடல் என்பது மூத்தோருக்குக் கப்பலையும் வாந்தியையும் பிரிவையும் குறித்த ஒன்று. ஊரைப் பிரிந்த அன்று பார்த்ததோடு அதை மறக்கவே விரும்பினார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளோ கடலிலிருந்து அரை நாள் நடை தூரத்தில் வாழ்ந்தும் அதைக் கண்டதில்லை. அப்பிள்ளைகள் கரையில் இறங்கி, உடுத்த துணியோடே அலைக்குள் ஓடி, உப்பு நீரை வாயில் வைத்துத் துப்பிச் சிரிக்க, பாட்டி மட்டும் மர நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த காட்சி இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் உண்டு. ஒரே கடல் ஒரு தலைமுறைக்குத் துயரமாகவும் அடுத்ததற்கு விளையாட்டாகவும் ஆனதே, அந்த மாறுதலுக்கு விலையாக எத்தனை பேருடைய முதுகு தேய்ந்திருக்கிறது!

எழுபதுகளுக்குப் பின் பால்மரம் செம்பனைக்கு இடம்கொடுத்தது. செம்பனை இலையுதிர்ப்பதில்லை, ஆகவே தோட்டத்தில் அந்த வசந்தமும் இல்லை. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்ததும், நீலாய் நகரமாக வளர்ந்ததும், லாபு நிலத்தின் மேல் வீடமைப்புத் திட்டங்கள் பரவியதும் லயங்களைக் கலைத்தன. லோரிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் வீடுகளில் வாழ்கிறார்கள், சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வந்தால் வெளிநாட்டுக்கு மலிவுச் சீட்டு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆயினும் சனிக்கிழமை நினைத்து ஞாயிற்றுக்கிழமை புறப்படக்கூடிய அழகிய இடங்கள் நம் வாசலிலேயே இருக்க, அவற்றை அறியாமல் போவது வருத்தத்துக்குரியது.

லாபு நிலையத்தில் ஏறுகிறவர் இன்று வண்டி மாறவேண்டியதே இல்லை. 2010இல் பத்துமலைக்கு மின்சார ரயில் சென்றபின், தாம்பினை அடுத்த பூலாவ் செபாங்கிலிருந்து வரும் வண்டியே லாபு வழியாகப் பத்துமலை அடிவாரத்தில் கொண்டு இறக்குகிறது. தைப்பூசக் கூட்டமில்லாத ஒரு மார்ச் மாதக் காலையில், பிள்ளைகளுடன் அந்தப் படிகளில் நிதானமாக ஏறலாம். 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை மட்டும் படம் பிடித்துத் திரும்பாமல், குகையின் உட்புறத்தில் கூரை திறந்து ஒளி விழும் இடம்வரை சென்றுவரவேண்டும்.

போர்ட்டிக்சனுக்கு அப்பால் தஞ்சோங் துவான் என்னும் முனையில், போர்த்துகீசியர் காலத்திலிருந்து கலங்கரை விளக்கம் நின்ற குன்று இருக்கிறது. இப்போதுள்ள கோபுரம் 1863ஆம் ஆண்டினது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் ஜலசந்தியைக் கடந்து முதன்முதலில் கரைதொடுவது இங்கேதான். நாற்பது கிலோமீட்டருக்குக் குறைந்த அந்தக் கடல்வெளியில் சிறகடித்துக் களைத்து, தாழப் பறந்து வருகிற பறவை, நிலத்தின் மேல் எழும் வெப்பக் காற்றைப் பற்றியதும் சிறகசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்துவிடும். வெயில் ஏறிய பின்பே இதைக் காணமுடியும் என்பதால் விடியற்காலையில் அவசரப்பட வேண்டாம். தண்ணீரும் குடையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குமேல் குன்றேறினால் போதும்.

லாபுவுக்குக் கிழக்கே உலு பெண்டுல் அருவிக்குப் போகிறவர்கள் அங்கேயே நின்றுவிடாமல் குவாலா பிலாவை நோக்கிச் சற்று முன்னேறி, ஸ்ரீ மெனாந்தியில் இறங்கவேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். இம்மாநில அரசரின் பழைய அரண்மனை அங்கே இருக்கிறது; 1902 முதல் 1908 வரை, இரும்பாணி அறையாமல், 99 தூண்களின் மேல் மரத்தாலேயே எழுப்பப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் இம்மாநிலமெங்கும் பால்மரத் தோட்டங்கள் பெருகி, நம் முன்னோர் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குமேல் நெகிரி செம்பிலானில் வாழ்ந்தும் அம்மரத் தூண்களின் செதுக்கு வேலையை ஒரு முறையும் கண்டிராத தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். லாபுவிலிருந்து பசியாறிவிட்டுப் புறப்பட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் அதன் முற்றத்தில் நிற்கலாம்.